பிரசுரம் என்னும் சொல்லும் ஒலுவில் துறைமுகமும்



கல்முனைக் கடைத்தெருவில் புதிதாக ஒரு புடவைக்கடை திறக்கப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில், அக்கடையைச் சேர்ந்த இளைஞர் இருவர் பள்ளிவாசல் வாயிலில் நின்று ஆளுக்கொரு தாள் கொடுப்பர். அத்தாளை நாம் நோட்டீஸ் என்போம். அதில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு வங்கியோ, காப்புறுதிக் கழகமோ, பல்கலைக்கழகமோ தன் சிறப்புகளை எடுத்துக் கூறி, எட்டுப் பக்கம் பன்னிரண்டு பக்கம் என்று மடித்துத் தைத்து, வண்ணப் படங்களோடு வெளியிடும் சிறு நூல் நம் கைக்கு வந்தால் அதனை என்னவென்று அழைப்பது? ஆங்கிலம் பயின்றோர் புறோஷர் என்பர். அலுவலகங்களில் கையேடு என்பாரும் உளர். கைந்நூல் என்பாரும் உளர். எட்டுப் பக்கமேயானாலும் துண்டுப்பிரசுரம் என்று துணிந்து எழுதிவிடுவாரும் உளர். பெயர் எதுவாயினும், நம் நாட்டுத் தமிழில் இவ்வினம் முழுவதற்கும் அடியாக நிற்பது பிரசுரம் என்னும் சொல்லே. அச்சொல் எங்கிருந்து வந்தது, அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். ஒலுவில் துறைமுகத்துக்கு அணித்தான ஊரொன்றில் பாடசாலை நடத்துபவன் ஆதலின், ஆராய்ச்சி இடையிடையே கடற்கரைப் பக்கம் சென்றுவரும். அது தற்செயலன்று என்பது போகப் போகத் தெரியும்.

பிரசுரம் வடசொல். அம்மொழியில் அதற்கு மிகுதி, நிறைவு, ஏராளம் என்பதே பொருள். அச்சுக்கும் அதற்கும் ஆதியில் யாதொரு தொடர்பும் இல்லை. வங்காளியரும் இந்தி பேசுவோரும் இன்றும் அச்சொல்லை அப்பழைய பொருளிலேயே வழங்குகின்றனர். மழை ஏராளமாகப் பெய்தது என்று ஒரு வங்காளி சொல்லுமிடத்து அவர் வாயில் வருவது நம்முடைய பிரசுரமேயாகும். தமிழும் தெலுங்குமோ அதனை அச்சுக்கூடத்துக்குள் அழைத்துச் சென்றன. பிரசுரித்தல் என்றால் நமக்கு நூலையோ செய்தியையோ அச்சிட்டு வெளிப்படுத்தல்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. ஓலையில் எழுதிய காலத்தில் ஒரு நூலுக்குப் படி வேண்டுமாயின் ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணியால் மீண்டும் ஒரு முறை எழுதியாதல் வேண்டும். பத்துப் படிக்குப் பத்து முறை உழைப்பு. அச்சு வந்ததும் ஒரு முறை எழுத்துக் கோத்தால் நூறும் ஆயிரமும் எடுக்கலாம். அச்சியந்திரத்தை முதன்முதல் கண்டவர்க்கு வியப்பளித்தது எழுத்தின் அழகன்று, அதன் ஏராளமே. ஏராளமாக்குதல் என்று பொருள்படும் சொல்லை அவர்கள் அத்தொழிலுக்குப் பெயராக்கிக்கொண்டதில் நியாயம் உண்டு என்பது என் கருத்து.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்ளுதல் நன்று. பிரசுரம் வேறு, பிரசாரம் வேறு. மாணவர் மட்டுமன்றி மேடைப் பேச்சாளரும் இவ்விரண்டையும் இடம்மாற்றிப் பேசக் கேட்டிருக்கின்றேன். பிரசாரம் என்பது முன்னோக்கிச் செல்லுதல், உலாவுதல் என்னும் கருத்தில் பிறந்தது. ஒன்று பெருகுவது, மற்றது நடப்பது. பிரசாரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் புறொப்பகண்டா என்னும் சொல்லின் வரலாறும் சுவையானது. 1622ஆம் ஆண்டில் உரோமாபுரியில் பாப்பாண்டவர் நிறுவிய மறைபரப்புச் சபையின் இலத்தீன் பெயரிலிருந்து அது வந்தது. அதற்கும் அடியில் இருப்பது தோட்டக்காரன் சொல்: ஒரு கொடியின் கிளையை வளைத்து மண்ணிலே பதித்து, வேர்விடச் செய்து புதுக்கொடியாக்கும் பதியமுறையை இலத்தீனர் அச்சொல்லால் குறித்தனர். 1932இல் இலங்கைத் தேயிலைக்குப் பிறநாடுகளில் மதிப்பைத் தேடுவதற்கென ஒரு சபையை அமைத்தபோது, அதற்கும் தேயிலைப் புறொப்பகண்டாச் சபை என்றே பெயரிட்டனர். அந்நாளில் அச்சொல்லுக்கு இன்றுள்ள கெட்ட பெயர் அத்துணை ஏறியிருக்கவில்லை.

இனி மேனாட்டார் சொற்களுக்கு வருவோம். புறோஷர் என்பது பிரெஞ்சுச் சொல். தைத்தது என்பது அதன் பொருள். தைத்தல் என்னும் வினைக்கும் அடியில் குத்தூசியைக் குறிக்கும் பெயரொன்று கிடக்கின்றது. தோலும் பலகையும் கொண்டு கட்டுமானம் செய்த பெருநூலைப் போலன்றி, மடித்த தாள்களின் நடுவே ஊசியை ஓட்டி இரண்டு தையல் போட்டு விற்ற நூலுக்கு அப்பெயர் அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதனை இரவல் வாங்கினர். பாம்ஃப்லெற் என்னும் சொல்லோ ஒரு காதற் கதையிலிருந்து வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுந்த பாம்ஃபிலஸ் என்னும் சிறு செய்யுள் நூல் ஐரோப்பாவெங்கும் கைக்குக் கை மாறியது. அதன் செல்லப் பெயரே நாளடைவில் மெல்லிய நூல்கள் யாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. எல்லாராலும் விரும்பப்படுபவன் என்பது பாம்ஃபிலஸ் என்னும் கிரேக்கப் பெயரின் பொருள். அரசாங்கங்களைக் கவிழ்க்க எழுதிய துண்டுப்பிரசுரங்களும் அப்பெயரையே தாங்கின என்பதை எண்ணும்போது நகைப்பு வருகின்றது.

ஊசி என்றதும் நம் கரையையே நினைக்கின்றேன். பொத்தகம் என்னும் சொல்லைப் பொத்துதல், அதாவது சேர்த்துத் தைத்தல், என்பதிலிருந்து பிறந்த தனித்தமிழ்ச் சொல்லாகக் காட்டுவார் தேவநேயப் பாவாணர் முதலியோர். வடமொழிப் புஸ்தகமே தமிழில் திரிந்தது என்பாரும், அவ்வட சொல்லுக்கும் மூலம் தோலைக் குறிக்கும் பழைய பாரசீகக் கிளைமொழிச் சொல் என்பாரும் உளர். வழக்கைத் தீர்ப்பது என் வேலையன்று. ஆயினும் நூலைத் தைப்பதற்கு முன்னரே நாவாயைத் தைத்தவர்கள் இக்கடலோர் என்பதை மறத்தலாகாது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இந்து சமுத்திரத்தின் மரக்கலங்களைத் தென்னங் கயிற்றினால் தைத்துக் கட்டியமை பற்றி எழுதியுள்ளார். நூல் என்னும் ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறித்த மொழி நம்முடையது. பிரெஞ்சுக்காரர் ஊசியைக் கண்டு பெயரிட்டதில் நமக்குப் புதுமை ஒன்றுமில்லை.

தமிழில் தமிழ் எழுத்தாலேயே அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூலும் ஒரு சிற்றேடேயாகும். 1578ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கொல்லத்தில் அண்டிறீக் அடிகளார் அச்சிடுவித்த தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் உடையது. ஒரு முழுத்தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இலையாகும், பதினாறு பக்கமாகும் என்பதை அச்சுத் தொழிலாளர் அறிவர். ஒரு கொள்கையைப் பரப்பும் பொருட்டு எழுந்த அச்சிறு வெளியீட்டிலேயே தமிழ் அச்சின் வரலாறு தொடங்குகின்றது.

அச்சுக்குத் தாள் வேண்டும். தாளுக்கு நாம் வழங்கும் பெயரே இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு நம்மை இட்டுச் செல்கின்றது. ஈழத்துத் தமிழர், தாளைக் கடதாசி என்பர். சிங்கள மக்களும் கடதாசி என்றே கூறுவர். கடிதத்தைக் கடுதாசி என்பதும் உண்டு. இது போர்த்துக்கேயரின் கர்த்தாஸ் என்னும் சொல்லின் திரிபு என்பர் அறிஞர் பலர். அக்கர்த்தாசும் அறபு மொழியின் கிர்த்தாஸ் என்பதிலிருந்து வந்தது என்றும், இரண்டுக்கும் மேலே கிரேக்கரின் தாளைக் குறிக்கும் சொல் இருக்கின்றது என்றும் கூறுவர். கிர்த்தாஸ் என்னும் சொல் திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்திலேயே இருமுறை, ஒருகால் ஒருமையிலும் ஒருகால் பன்மையிலும், காணப்படுகின்றது. அறபு வணிகர் போர்த்துக்கேயருக்குப் பல நூற்றாண்டு முன்னரே இக்கரைக்கு வந்தவர். அங்ஙனமாயின் அவர்கள் வாயிலிருந்தே நேராக நமக்கு இச்சொல் கிடைத்திருத்தல் ஆகாதோ என்ற வினா நியாயமானதே. எவ்வழி வந்ததாயினும் அதன் ஊற்று ஒன்றே.

போர்த்துக்கேயர் கையில் கர்த்தாஸ் என்பது வெறுந்தாளன்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்து சமுத்திரத்தைத் தமதென்று கூறிக்கொண்ட அவர்கள், ஆசிய வணிகரின் கப்பல் எதுவும் தம்மிடம் விலை கொடுத்துப் பெற்ற அனுமதிச் சீட்டின்றி ஓடலாகாது என்று விதித்தனர். அச்சீட்டே கர்த்தாஸ். கப்பலின் அடையாளம், தலைவன் பெயர், புறப்படும் துறை, சேரும் துறை, ஏற்றிய பொருள் ஆகியன அதில் எழுதப்பட்டிருக்கும். சீட்டில்லாத கப்பலும், சீட்டிலுள்ளதற்கு மாறான பொருளை ஏற்றிய கப்பலும் பறிமுதலாகும். தலைமுறை தலைமுறையாகத் தாம் ஓடிய கடலில் ஓடுவதற்கு முஸ்லிம் மாலுமிகள் ஒரு தாளை மடியில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அதே கர்த்தாஸ் இன்றைய போர்த்துக்கேய மொழியில் எதனைக் குறிக்கின்றது தெரியுமா? சுவரில் ஒட்டும் விளம்பரச் சுவரொட்டியை. ஒரு காலத்தில் பொய்யெழுதினால் கப்பலையே இழக்கச் செய்த தாள், இன்று எதையும் எழுதிக்கொள்ளக்கூடிய தாளாகிவிட்டது.

அக்கடலாதிக்கத்தின் விளைவு இக்கரையின் குடிவரலாற்றிலும் பதிந்துள்ளது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. அதற்கு முன்னரும் இங்கே முஸ்லிம் குடிகள் இருந்தன. அவர்களோடு இவர்களும் சேர்ந்தனர். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இலேயாதலின், அந்நாளில் மட்டக்களப்பு என்றது கல்முனை, ஒலுவில், அக்கரைப்பற்று யாவற்றையும் உள்ளடக்கிய நாடு.

அதே செனரத் மன்னன் காலத்தில் நிகழ்ந்த இன்னொரு கதை, விளம்பரம் என்பது அச்சுக்கும் முந்தியது என்பதைக் காட்டும். ஒல்லாந்தரின் பணியில் இருந்து 1612இல் கண்டிக்கு வந்த மார்செலிஸ் பொஷௌவர் என்பவன் மன்னனின் நம்பிக்கையைப் பெற்றான். மன்னனுக்கு உதவி தேடி ஐரோப்பா சென்ற அவன், ஒல்லாந்தரோடு ஒத்துப்போகாமல் டென்மார்க்குக்குப் போய்ச் சேர்ந்தான். இலங்கை வணிகம் முழுவதும் டேனியர் கையில் வந்துவிடும், மன்னன் வேண்டியதெல்லாம் தருவான் என்று நம்பவைத்து, 1618இல் நான்காம் கிறிஸ்தியான் அரசனோடு ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டான். படையொன்று கப்பலேறியது. தலைவன் ஓவ் யெட்டெ ஓர் இளைஞன். வழியிலேயே பொஷௌவர் இறந்தான். 1620இல் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்து மன்னனைக் கண்டபோது, பொஷௌவர் கூறியவற்றை நான் கூறவில்லை என்று மன்னன் மறுத்துவிட்டான். திருகோணமலையில் கோட்டை கட்டத் தொடங்கிய முயற்சியும் நிலைக்கவில்லை.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லாத டேனியர் அவ்வாண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு ஐயர் பின்னர் அச்சுக்கூடம் அமைத்தார். 1713இல் தமிழெழுத்தில் அங்கு அச்சேறிய முதல் வெளியீடுகளுள் ஒன்றும் அக்கியானம் என்னும் சிறு சமயப் பிரசுரமே. இலங்கையில் பலிக்காத ஒரு வாக்குறுதியின் பின்விளைவாகவே தரங்கம்பாடி டேனியர் வசமாயிற்று. தரங்கம்பாடி இன்றேல் அவ்வச்சுக்கூடமும் இல்லை. வரலாறு இவ்வாறெல்லாம் சுற்றிவரும் என்று கதை எழுதுவோரும் துணிந்து எழுதார்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் டேனியர் மறுபடியும் நம் கரைக்கு வந்தனர். இம்முறை கோட்டை கட்டவன்று, துறைமுகம் கட்ட. ஒலுவிலில் துறைமுகம் வேண்டும் என்பது, 1994 முதல் துறைமுக அமைச்சராயிருந்து 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் மறைந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் பெருங்கனவு. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் முதலாம் திகதி துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. தென்கிழக்குக் கரைக்குக் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்து, ஆழ்கடல் மீனவருக்குப் பாதுகாப்பான படகுத்துறை, இளைஞருக்கு வேலை என்பனவே மக்களுக்குக் கூறப்பட்ட பயன்கள்.

இத்தகைய திட்டம் ஒன்றை முன்வைக்கும் சிறு நூலுக்கு மேனாட்டார் புறொஸ்பெக்டஸ் என்று தனிப்பெயர் இட்டிருக்கின்றனர். முன்னோக்கு, தொலைவில் தெரியும் காட்சி என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். தைத்தது, பெருகியது, நடந்தது என்று நாம் இதுவரை கண்ட பெயர்களுள் இன்னும் வராத காலத்தைப் பேசும் பெயர் இது ஒன்றே. ஆகையினாற்றான் இதன்மேல் சட்டத்தின் கண்ணும் விழுந்தது. இங்கிலாந்தில் டிராம் வண்டிக் கழகம் ஒன்று, நீராவியால் வண்டி ஓட்டத் தமக்கு உரிமையுண்டு என்று அச்சிட்டுப் பங்குகளை விற்றது. அதற்கு வேண்டிய அனுமதியோ பின்னர் கிடைக்கவில்லை. பங்கு வாங்கி இழந்தவர் வழக்குத் தொடுத்தார். எழுதியவர்கள் உண்மையென்று நம்பியே எழுதினர், ஆதலின் அது மோசடியாகாது என்று 1889இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் பொறுக்கவில்லை. நம்பினேன் என்றால் மட்டும் போதாது, நம்புவதற்குத் தக்க ஆதாரமும் காட்டவேண்டும் என்று அடுத்த ஆண்டே, 1890இல், கழக இயக்குநரின் பொறுப்பை விதிக்கும் சட்டம் செய்தது.

பங்கு வாங்கியவனுக்கு அச்சட்டம் துணையாயிற்று. பங்கு வாங்காமல் கரையில் குடியிருந்தவனுக்கு அத்தகைய துணை யாது?

கரையோரமாக அலைகள் மணலைச் சுமந்துகொண்டே செல்லும். அது கண்ணுக்குத் தெரியாத ஆறு போன்றது. அதன் குறுக்கே கடலுக்குள் கல்லணை நீட்டினால் ஒரு பக்கத்தில் மணல் சேரும். மறு பக்கத்துக்குப் போகவேண்டிய மணல் போகாது. அப்பக்கத்துக் கரையை அலை தின்னும். ஒலுவிலில் நேர்ந்ததும் இதுவே. துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவிற் கரையும் நிந்தவூர்ப் பக்கமும் அரிக்கப்பட்டன. தென்னைகள் வேரோடு சாய்ந்து கடலில் வீழ்ந்தன. கரைவலை இழுப்பதற்கும் தோணி ஏற்றி வைப்பதற்கும் இருந்த மணற்பரப்புக் குறுகிற்று. துறைமுக வாயிலையோ மணல் மூடிற்று. அகழ்ந்தனர், மீண்டும் மூடிற்று. உள்ளேயிருந்த படகு வெளியேறவும் வெளியேயிருந்த படகு உள்ளே வரவும் இயலாது மீனவர் முறையிட்டனர். எதிர்பார்த்தவாறு வணிகக் கப்பல்களும் வரவில்லை. காணி கொடுத்தோரின் நட்டஈட்டு முறையீடுகள் பல ஆண்டு நீடித்தன. துறைமுகமே வேண்டாம் என்று இக்கரையார் சொன்னதில்லை; அதனை ஆவலோடு எதிர்பார்த்தவர்களே அவர்கள். கல்லணை எழும்பினால் வடகரை என்னாகும் என்பதை அவர்களுக்கு விளங்கும் தமிழில், படத்தோடு, பன்னிரண்டு பக்கத்தில் ஒருவர் முன்கூட்டியே எழுதி வீடுதோறும் கொடுத்திருப்பின், அதுவே பிரசுரம் என்னும் பெயருக்கு முற்றிலும் பொருந்தியிருக்கும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகின்றேன். விளம்பரச் சிறுநூலுக்குத் தமிழில் எப்பெயர் தகும்? துண்டு என்பது ஒற்றைத் தாளுக்கே உரியது. தைத்த நூலைத் துண்டு என்பது முறையன்று. கையேடு என்பது ஒரு தொழிலைச் செய்யும் வழியைக் கூறும் நூலுக்கு நிலைத்துவிட்டது. தமிழகத்தார் சிற்றேடு என்பர். நல்ல சொல், ஆயினும் அது அளவைக் கூறுகின்றதேயன்றி நோக்கத்தைக் கூறவில்லை. நோக்கத்தைக் கூறும் சொல் நம்மிடம் உண்டு, அதுதான் விளம்பரம். அதன் அடியாகிய விளம்புதல் என்பதற்குச் சொல்லுதல், வெளிப்படுத்தல் என்னும் பொருள்களோடு, பந்தியில் உணவு பரிமாறுதல் என்னும் பொருளும் உண்டு. மலையாளத்தில் சோறு விளம்புதல் என்பது இன்றும் வீட்டு வழக்கு. நாம் ஆராய்ந்த அத்தனை மொழிப் பெயர்களுள்ளும், கொடுப்பவனையும் பெறுபவனையும் நேர்க்கு நேர் உட்காரவைப்பது இது ஒன்றே. இலையில் விழுந்தது சோறா அன்றா என்பதை உண்பவன் அக்கணமே அறிவான்.

ஆதலின் எங்கள் பாடசாலையில் தமிழ்ப் பாடத்துக்கு மாணவர் இவ்வகை எழுத்தைப் பழகுமிடத்து, ஒற்றைத் தாளுக்குத் துண்டுப்பிரசுரம் என்றும், மடித்துத் தைத்ததற்கு விளம்பர ஏடு என்றும், அச்சிட்டவை அனைத்துக்கும் பொதுவாகப் பிரசுரம் என்றும் எழுதுவிக்கின்றேன். சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரைப் பற்றி ஒரு விளம்பர ஏடு ஆக்கும் பயிற்சி கொடுத்தோம். முகப்பில் துறைமுகத்தை வரைந்தவர் பலர். ஒரு பிள்ளை மட்டும் துறைமுகத்தையும், அதற்கு வடக்கே சாய்ந்து கிடக்கும் தென்னைகளையும் ஒரே படத்தில் வரைந்து, தாள்களை வலை பின்னும் நூலினால் தைத்துக் கொண்டுவந்திருந்தது.